நான் திரும்பிப் போகாத புதன்கிழமை

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வருவதில்லை. கரையோரம் ஆழம் போதாது என்று நாலைந்து மைல் தள்ளியே நங்கூரம் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து தோணியில் இறங்கி, அலை தூக்கிப்போட, கொழும்பில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இந்தியாவில் கால் வைக்க முடியும். நானும் அப்படித்தான் கால் வைத்தேன். தோணிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு, "முத தடவையா? அடுத்த தடவை பழகிரும்" என்றார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. வந்த காரியம் சின்னது. மிஸ் ஆஷ்பி என்ற வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிவந்து கப்பலேற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அவர் முதலில் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் நர்ஸாக இருந்தார். தமிழ் படித்ததும் எங்களிடம்தான். பிறகு திருநெல்வேலிச் சீமைக்கு மாற்றிவிட்டார்கள். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக ஒரு மருந்துச்சாலை வைத்து எட்டு வருஷம். கடைசி இரண்டு வருஷமாக விடாத காய்ச்சல். மண்ணீரல் வீங்கிவிட்டது, இனி ஒரு மழைக்காலம் தாங்காது, இங்கிலாந்துச் சீமைக்கு அனுப்புங்கள் என்று டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். அவரோ ஒவ்வொரு கடிதத்துக்கும் "அடுத்த மாதம்" என்றே பதில் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எங்கள் டாக்டர் துரை என்னைக் கூப்பிட்டு, "சாமுவேல், நீ போனால் வருவாள். உன்னைத் தம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தவள்" என்றார். என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. போய்ப் பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

மறுநாள் காலை திருநெல்வேலியிலிருந்து மேற்கே போகிற ரயிலில் ஏறினேன். எதிர்ப் பலகையில் கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர், அப்பளக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சேரன்மகாதேவி வருவதற்குள் என் ஊர், தகப்பன் பேர், சம்பளம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். பிறகு வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் நீட்டினார். மகன் கல்யாணத்துக்கு மறுநாள் வைத்த சொதியைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு வர்ணித்தார்.

"எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் சொதிதான்" என்றேன்.

"தெனமுமா? தெனமும் கல்யாணமாவே உங்க வீட்டுல?"

பெட்டியே சிரித்தது. எங்கள் ஊரில் சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் போட்டு வைக்கிற ஏழைக் குழம்பு, இங்கே சம்பந்தி வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தாகிவிட்டிருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே ஆறு வந்துகொண்டே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. எங்களுக்குக் கிணறுதான். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்துப் புகையிலைக்கு ஊற்றுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு, கேட்பாரில்லாமல் இவ்வளவு தண்ணீர் ஓடுவது வீண் செலவாகத் தோன்றியது. இரண்டு கரையிலும் நெல், அதைத் தாண்டி வாழை, அதைத் தாண்டி நீலமாக மலை. ஐப்பசி முடிகிற நேரம். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் என்னை ஏற்றிக்கொள்ள வண்டி வந்திருந்தது. வண்டிக்காரர் பேர் சுடலை. முப்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். "கெதியாப் போகலாமோ? மழை வரும்போல கிடக்கு" என்றேன். அவர் தலைக்கயிற்றை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மிஸ்ஸியம்மா மாதிரியே பேசுதீய?"

அந்தச் சுற்றுவட்டாரத்தில் என் தமிழை அதுவரை பேசியது ஒரே ஒரு வெள்ளைக்காரி. அதனால் என் ஊர்ப் பேச்சை அவர்கள் துரைமார் தமிழ் என்று நினைத்திருந்தார்கள். கறுத்த ஆள் ஒருவன் வந்து அப்படியே பேசியது சுடலைக்குப் பெரிய வேடிக்கை. வழியெல்லாம் எதிர்ப்பட்டவர்களை நிறுத்தி, "இவுகளப் பேசச் சொல்லிக் கேளுங்க" என்றார்.

கடனா நதியைக் கடக்கும்போது சக்கரம் குழியில் இறங்கிவிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய, நானும் என் பெட்டியும் அந்தப் பக்கமாகவே தண்ணீருக்குள் போனோம். இடுப்பளவு ஆழம்தான். ஆனாலும் ஆற்றில் விழுந்து பழக்கமில்லாதவன் போட்ட சத்தத்தில் கரையில் துணி துவைத்தவர்கள் ஓடிவந்தார்கள். சுடலை என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மிஸ்ஸியம்மாவைப் பார்த்தபோது அந்த ஈரத்தையும் மறந்துபோனேன். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் பறந்தவர். இப்போது கன்னத்து எலும்பு துருத்தி, தோல் எலுமிச்சங்காய் நிறத்துக்கு வந்திருந்தது. "வாங்கோ சாமுவேல், இருங்கோ" என்றார். குரல் மட்டும் மாறவில்லை.

அந்த வீட்டில் நாலு நாள் இருந்தேன். வீடு என்றால் இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். புத்தக அலமாரியைக் கரையான் தின்றிருந்தது. ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வெறும் தொண்டையில்தான். பாளையங்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை ரொட்டி வரும். மழைக்காலத்தில் வரும்போதே பூசணம் பிடித்திருக்கும், சுரண்டிவிட்டுச் சாப்பிடுவார். சீமையிலிருந்து தாயாரின் கடிதம் வந்தால் அன்று முழுவதும் பிரிக்கமாட்டார். "பிரிச்சா முடிஞ்சுபோமே" என்பார்.

காலையில் தாழ்வாரம் நிறையச் சனம். சிரங்கு, கண்வலி, காய்ச்சல். மருந்துக்கு முன்னால் ஒரு சங்கீதம் வாசிப்பார். மருந்து வாங்கினவர்கள் கும்பிட்டுவிட்டுத் தங்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டு போவார்கள். எட்டு வருஷத்தில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கேட்டேன். "மூன்று குடும்பம். அதில் ஒன்று திரும்பிப் போய்விட்டது" என்றார். நடுப்பகலில் குளிர்க்காய்ச்சல் வரும். இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டித்துக் கிடப்பார். விட்டதும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கட்டுப்போடத் தொடங்குவார்.

கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால், "இசக்கியைப் பாளையங்கோட்டையில் சேர்க்காமல் நான் அசையமாட்டேன்" என்பதுதான் பதில்.

இசக்கி, சுடலையின் மனைவி. இரண்டு முறை பிள்ளைபெற்று இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இடுப்பு எலும்பு குறுகல், வீட்டில் வைத்துப் பெற்றால் இந்த முறை தாயும் தப்பமாட்டாள், முன்கூட்டியே கொண்டுபோய்ப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் லேடி டாக்டரிடம் விட்டுவிட வேண்டும் என்று மிஸ்ஸியம்மா சொன்னார். அந்த வீட்டாரோ, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். ஆறு மாதம் தினமும் போய் உட்கார்ந்து அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார். ஆனால் நாள் பார்த்த ஜோசியக்கார வள்ளுவர் அடுத்த புதன்கிழமை என்று குறித்துக் கொடுத்துவிட்டார். அதற்கு முன்னால் வாசல் தாண்டக்கூடாது. கொழும்பிலிருந்து மிஸ்ஸியம்மாவின் கப்பலோ திங்கட்கிழமை.

வியாழக்கிழமை மத்தியானம் காய்ச்சலில் அவருக்குப் பிதற்றல் கண்டுவிட்டது. ஒரு மணி நேரம் தாயாரோடு பேசிக்கொண்டிருந்தார். தெளிந்ததும் நான் சொன்னேன்: "அம்மா, நீங்கள் நாளைக்கு என்னோடு வாருங்கள். சனிக்கிழமை உங்களைக் கப்பலேற்றிவிட்டு நான் திரும்பி வருகிறேன். புதன்கிழமை இசக்கியை நானே கூட்டிக்கொண்டுபோய் லேடி டாக்டர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்து நடந்து சுடலை வீட்டுக்கு வந்தார்.

"இவர் என்ர தம்பி. நான் வாறதும் இவர் வாறதும் ஒண்டுதான்" என்றார்.

சுடலை தலையைச் சொறிந்தார். "எங்களுக்கு அங்கன யாரத் தெரியும், மிஸ்ஸியம்மா? நாங்களாப் போனா வாசல்லயே நிறுத்திப்புடுவாக. உங்க ஆளு கூட வந்தா வாரோம்."

இசக்கி எனக்குப் புட்டும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். நிறைமாத வயிற்றோடு குனிய முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து வைத்தாள். "உங்க ஊருல ஆறே கெடையாதாமே? அப்பம் துணி எங்கன தொவைப்பாக?"

"கிணத்தடியில."

"கெணத்துலயா!" அவளுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டும் அழவே இல்ல. ஒரு சத்தங்கூட இல்ல" என்றாள். பிறகு, "நீங்க வந்துருவியள்லா?" என்றாள்.

"ஓம்" என்றேன், எங்கள் ஊர் வழக்கில் ஆமாம் என்பதற்கு.

"ஓமா? கோயில்ல சொல்லுத மாதிரில்லா சொல்லுதாக!"

வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். தாழ்வாரத்தில் கூடினவர்களுக்கு மிஸ்ஸியம்மா ஜெபம் சொன்னார். வண்டியில் ஏறினபின் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாளையங்கோட்டை லேடி டாக்டருக்கு எழுதின கடிதத்தை ரயிலில் என்னிடம் தந்தார். சனிக்கிழமை தோணியில் அவரை நாற்காலியோடு தூக்கி வைத்தோம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. நானும் கப்பல்வரை போனேன். ஏணியில் ஏறுமுன் என் கையைப் பிடித்து, "புதன்" என்றார்.

கரைக்கு வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. தூத்துக்குடியில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வீட்டில் தங்கினேன். ஞாயிறு முழுவதும் ஊற்றியது. திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போனால், திருநெல்வேலிக்கு மேற்கே பாதையில் மண் அரித்துவிட்டது, இன்று வண்டி இல்லை என்றார்கள். "நாளைக்கு ஓடும். ஆள் விட்டுக் கல்லு கொட்டுதாங்க" என்றார் ஸ்டேஷன்காரர். அதை நான் என் காதால் கேட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பக்கத்தில் நின்றவர்கள் வேறொன்றும் பேசிக்கொண்டார்கள். "மேக்க ஆத்தோரம் பூரா வாந்திபேதி. அம்பாசமுத்திரத்துல ஒரே தெருவுல நாலு சாவு." இன்னொருவர், "இனிமே கொழும்புக்குப் போறவுகளை முகாம்ல அடைச்சுப்புடுவான். பத்து நாளோ, இருவது நாளோ" என்றார்.

வாந்திபேதியை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். காலையில் பேசிக்கொண்டிருந்த ஆள் பொழுது சாய்வதற்குள் கண் குழிந்து, விரல் சுருங்கிக் கிடப்பான். என் தமையன் அப்படித்தான் போனான். ஸ்டேஷன் வாசலில் நின்று நான் நினைத்தது இசக்கியை அல்ல. அந்த ஆற்றுத் தண்ணீரில் விழுந்ததையும், அதே தண்ணீரை நாலு நாள் குடித்ததையும் நினைத்தேன். அந்நிய ஊரில் செத்தால் எங்கே புதைப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் முகத்தை நினைத்தேன்.

பிறகு எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மிஸ்ஸியம்மாவின் கிராமத்தில் சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் நல்ல மனிதர். லேடி டாக்டருக்கான கடிதத்தையும், "நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், எனக்கு வர வழியில்லை" என்று ஒரு சீட்டையும் ஓர் உறையில் போட்டு அவர் பேருக்குத் தபாலில் சேர்த்தேன். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டதும் நெஞ்சு லேசானது போலிருந்தது. வாத்தியார், "ஒரு நாள்தானே, பொறுத்துப் போகலாமே?" என்றார். வீட்டிலிருந்து அவசரச் செய்தி என்று சொன்னேன். அப்படி ஒரு செய்தியும் வரவில்லை. அன்று மாலைக் கப்பலில் ஏறிவிட்டேன். தோணியில் இந்த முறை எனக்குக் குமட்டவில்லை.

யாழ்ப்பாணத்தில் எல்லாரும் மெச்சினார்கள். சொன்ன வேலையை முடித்துக்கொண்டு வந்தவன் அல்லவா?

ஒரு மாதம் கழித்து உபதேசியாரின் கடிதம் வந்தது. பேதியில் இறந்தவர்களை அடக்கம்பண்ண அவர் வேறு ஊர்களில் அலைந்திருக்கிறார். என் உறை அவர் கைக்குச் சேர்ந்தது சனிக்கிழமை. ஓடிப்போய் உடனே இசக்கியை வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். ரயிலில் வலி கண்டுவிட்டது. சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறக்கிப் படுக்கவைத்தார்களாம். தாயும் பிள்ளையும் அங்கேயே போய்விட்டார்கள். "ஐயா அவர்கள் வருவீர்களென்று அந்த வீட்டார் மிகவும் எதிர்பார்த்திருந்தபடியால் வேறு ஏற்பாடு செய்யவில்லை" என்று எழுதியிருந்தார். குற்றம் சாட்டி ஒரு வார்த்தை இல்லை.

மிஸ்ஸியம்மாவுக்கு யாரோ செய்தி எழுதியிருக்கிறார்கள். சீமையிலிருந்து எனக்கு அவர் எழுதினார்: "அந்த வாரம் முழுவதும் ரயில் பாதை உடைந்து கிடந்ததாகக் கேள்விப்பட்டேன். நீ என்ன செய்வாய்? நான்தான் போயிருக்கக்கூடாது." அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பாதை ஒரு நாள்தான் உடைந்து கிடந்தது என்று எழுத மேசையில் உட்கார்ந்தேன். எழுதி அனுப்பியது அவர் தாயாரின் சுகம் விசாரித்து நாலு வரி.

இரண்டு வருஷம் போனது. எனக்குக் கல்யாணமானது. தம் தாயார் காலமானபின் மிஸ்ஸியம்மா திரும்பவும் ஆழ்வார்குறிச்சிக்கே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். உடம்பு தேறியிருந்தது, தலை முழுக்க நரைத்திருந்தது. கொழும்பில் இறங்கினதும் துணைக்கு என்னை வரச்சொல்லித் தந்தி கொடுத்தார். வருகிறேன் என்று பதில் தந்தி அடித்தேன்.

மறுபடியும் அதே தோணி, அதே ரயில். சேரன்மகாதேவி ஸ்டேஷன் வந்தபோது மிஸ்ஸியம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து மேடை முழுவதையும் பார்த்தார். ஒருவன் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தான். நான் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுடலையை அவர் வீட்டு முற்றத்தில் பார்த்தோம். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று உபதேசியார் சொல்லியிருந்தார். எங்களைக் கண்டதும் மேல்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பலகையைத் தட்டிப் போட்டார். மிஸ்ஸியம்மா உட்காராமல், "சுடலை, அந்த வாரம் ரயில் ஓடியிருந்தால் இவர் வந்திருப்பார்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

சுடலை ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தார். "ரயிலு செவ்வாக்கிழமையே ஓடிச்சே, மிஸ்ஸியம்மா. நான் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிட்டுப் போயிருந்தேன்லா. செவ்வா, புதன், வியாழன். மூணு நாளும் போய் நின்னேன்."

மிஸ்ஸியம்மா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்லப்போகிறேன் என்று நம்பிக் காத்திருக்கிற பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஓடும் எண்டு எனக்குத் தெரியும்" என்றேன். "ஸ்டேஷன்காரர் சொன்னவர். வாந்திபேதி எண்டு பயந்துபோய் நான் கப்பல் ஏறிட்டன். அம்மாவுக்கும் இதை எழுதேல்ல."

மிஸ்ஸியம்மா பலகையில் உட்கார்ந்தார். சுடலை கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார்.

"பயந்தீயளா" என்றார். கேள்வியா என்று தெரியவில்லை. "நானுந்தான் பயந்தேன், அண்ணாச்சி. வண்டி இருக்கு, மாடு இருக்கு. பாளையங்கோட்டைக்கு எனக்கு வழி தெரியாதா? புதங்கெழமையே அவ சொன்னா, நாம போவோம்னு. அங்கன எவன் என்ன கேப்பானோன்னு பயந்துக்கிட்டு, நீங்க வருவீயன்னு நின்னுட்டேன்."

மிஸ்ஸியம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தக் குளிர்க்காய்ச்சலில்கூடப் பார்த்ததில்லை.

அங்கேயே தங்கி அவருக்கு உதவியாக வேலை செய்கிறேன், ஊருக்கு எழுதிக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். அப்போது அது எனக்கு எளிதாகத் தோன்றியது. சுடலை கேட்டார்: "கலியாணம் ஆயிட்டா? பிள்ளைய இருக்கா?"

"இல்ல. மாசமா இருக்கிறா."

"எத்தன மாசம்?"

"எட்டு."

சுடலை துண்டை உதறித் தோளில் போட்டார். மாட்டின் கயிற்றை அவிழ்த்தார்.

"அப்பம் இங்கன எதுக்கு நிக்கிய?" என்றார். "சாயங்கால வண்டியைப் பிடிச்சிரலாம். ஏறுங்க."